மருந்தைக் கூட்டினேன், எண்ணும் கூடிவிட்டது!

வாசகியின் கடிதம், சுருக்கமாக: வயது 46. பள்ளியில் கணக்கு ஆசிரியை. சுமார் 20 மாதங்களுக்கு முன் வாயில் புண்கள் வந்தன. பற்பசையை மாற்றுவதிலும் வைட்டமின் மாத்திரை விழுங்குவதிலும் ஐந்து மாதங்கள் கழிந்தன. பிறகு மார்பிலும் முதுகிலும் கொப்புளங்கள் கிளம்ப, தோல் துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் ‘பெம்பிகஸ் வல்காரிஸ்’ என்ற கொப்புள நோய் என்று உறுதியானது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 60 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக 10 மில்லிகிராம் வரை இறக்கியிருக்கிறார்கள். கூடவே, நோயெதிர்ப்பைத் தணிக்கும் அசாதயோப்ரின் மாத்திரையும் உண்டு. நான்கு மாதமாகப் புதுக் கொப்புளம் எதுவும் இல்லை, வாயும் ஆறிவிட்டது.

இந்த நிலையில், கொப்புள நோய் தீவிரமாக இருந்தால் ரத்தத்தில் நியூட்ரோபில், லிம்போசைட் என்ற இருவகை வெள்ளணுக்களின் விகிதம் உயரும் என்று எங்கோ படித்திருக்கிறார். தன் அறிக்கையை எடுத்துக் கணக்குப் போட்டால் 6.5 வந்தது. ‘நோய் உள்ளே ஒளிந்திருக்கிறது’ என்று அஞ்சி, மருத்துவரிடம் சொல்லாமலேயே ஸ்டீராய்டை 20 மில்லிகிராமாக உயர்த்திக்கொண்டார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் விகிதம் 10.5. “மருந்தை இரண்டு மடங்காக்கியும் நோய் ஏறிக்கொண்டே போகிறதே, இன்னும் கூட்டட்டுமா? இதைவிடப் பெரிய மருந்து இருக்கிறதா? என் மகளுக்கும் இது தொற்றுமா?” என்று கேட்டிருக்கிறார். பழைய அறிக்கைகளின் நகல்களையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அவசரக் கேள்விக்கு விடை: வேண்டாம், இன்னும் கூட்ட வேண்டாம். அதற்காக, இதைப் படித்த கையோடு பழையபடி 10 மில்லிகிராமுக்கு இறக்கவும் வேண்டாம். இரண்டுமே நீங்கள் தனியாக எடுக்கக்கூடிய முடிவுகள் அல்ல. ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீங்கள் எதைக் கண்டு அஞ்சினீர்களோ அதை முதலில் பார்த்துவிடுவோம்.

மூன்று அறிக்கைகளையும் தேதி வாரியாக அடுக்கினேன்

நீங்கள் கடைசி இரண்டு அறிக்கைகளுக்கு மட்டும் விகிதம் கணக்கிட்டிருக்கிறீர்கள். அடியில் இருந்த பழைய அறிக்கையை விட்டுவிட்டீர்கள். சிகிச்சை தொடங்குவதற்கு முதல் நாள் எடுத்தது அது. தலையணை உறை முதுகுத் தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாட்கள். அதில் நியூட்ரோபில் 62 சதவீதம், லிம்போசைட் 28 சதவீதம். வகுத்தால் 2.2.

நோய் உச்சத்தில் இருந்தபோது 2.2. தோல் முழுக்க ஆறிய பிறகு 6.5. ஸ்டீராய்டைக் கூட்டியதும் 10.5. இந்த எண் நோயின் பின்னால் போகவில்லை என்பதற்கு உங்கள் கையிலேயே சான்று இருந்திருக்கிறது. அது மருந்தின் பின்னால் போயிருக்கிறது.

காரணம் எளிது. ரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் நியூட்ரோபில்களில் ஏறத்தாழப் பாதி, குழாய்களின் உட்சுவரை ஒட்டியபடி காத்திருக்கும். ஊசியில் உறிஞ்சும் ரத்தத்தில் அவை அகப்படுவதில்லை. ஸ்டீராய்டு அந்தப் பிடியைத் தளர்த்தி அவற்றை ஓட்டத்தில் இறக்கிவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் இருப்பவற்றையும் வெளியே அனுப்புகிறது. லிம்போசைட்டுகளோ ரத்த ஓட்டத்தைவிட்டு மஜ்ஜைக்குள்ளும் நிணநீர் முடிச்சுகளுக்குள்ளும் ஒதுங்கிவிடுகின்றன. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே இது நடந்துவிடும். ஆகவே காலை மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுத்தீர்களா, பின் கொடுத்தீர்களா என்பதற்கேற்பக்கூட எண் மாறும். போதாததற்கு அசாதயோப்ரினும் லிம்போசைட்டைக் குறைக்கும். தொகுதி பெருகி, பகுதி சுருங்கினால் பின்னம் என்னாகும் என்று கணக்கு ஆசிரியைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் நீங்கள் படித்தது பொய்யா? பொய் இல்லை. சிகிச்சை தொடங்காத நோயாளிகளை ஒரு குழுவாகவும் நோயற்றவர்களை ஒரு குழுவாகவும் வைத்து ஒப்பிட்டால், நோயாளிகளின் சராசரி உயர்ந்திருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சராசரி உயர்வு குழுவைப் பற்றிய செய்தி. அதை வைத்து ஒரு தனி மனிதரின் நோய் இன்று எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாது. ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அந்த எண்ணைப் பொருத்திப் பார்ப்பது, ஓடி வந்து நின்றவரின் நாடியைப் பிடித்து இதய நோய் என்று சொல்வதைப் போன்றது.

அழற்சி எண் உயராமலேயே ஆடும் நோய்

பெம்பிகஸ் வல்காரிஸுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தோலின் மேலடுக்குச் செல்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்க டெஸ்மோக்ளீன் என்ற புரதம் வேண்டும். உங்கள் உடல் தவறுதலாக அதற்கு எதிராக ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது. அவை போய் ஒட்டிக்கொண்டதும் செல்களுக்கிடையிலான பிடி விட்டுப்போகிறது. இடைவெளியில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. தொட்டாலே உடையும் தொளதொளத்த கொப்புளம் இதனால்தான். செல்கள் பிரிவதற்கு அழற்சி அணுக்கள் படையெடுத்து வர வேண்டிய அவசியமே இல்லை. சுவரில் செங்கலெல்லாம் சரியாக இருக்க, சாந்து மட்டும் உதிர்வதைப் போல. எனவே நோய் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதும் ரத்தத்தின் பொதுவான அழற்சி எண்கள் ஏறாமல் இருக்கலாம். உங்கள் 2.2 அப்படிப்பட்டதுதான்.

சக ஆசிரியையின் தந்தைக்கு (74 வயது) ‘புல்லஸ் பெம்பிகாய்டு’ என்றும், அவருக்கு மட்டும் ஈசினோபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுவின் எண்ணிக்கையை மருத்துவர் கூர்ந்து பார்க்கிறார் என்றும் குறைபட்டிருக்கிறீர்கள். பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் அது வேறு நோய். 1953இல் வால்டர் லீவர் என்ற தோல் மருத்துவர்தான் இரண்டையும் பிரித்துக் காட்டினார். பெம்பிகாய்டில் ஆன்டிபாடி தாக்குவது மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் பி.பி.180, பி.பி.230 என்ற புரதங்களை. அங்கே அழற்சியைக் கிளப்பும் ‘நிரப்புப் புரதங்கள்’ தூண்டப்பட்டு, நியூட்ரோபில்களும் ஈசினோபில்களும் உண்மையிலேயே கூட்டமாக வந்து சேர்கின்றன. கொப்புளம் விறைப்பாக இருக்கும். அதற்கு முன்பே வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அரிப்பு பிடுங்கும். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தத்தில் ஈசினோபில் உயர்ந்திருக்கும். அவருடைய மருத்துவர் அதைப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. ஆனால் ஈசினோபிலையும் ஸ்டீராய்டு ஒரே நாளில் துடைத்துவிடும் என்பதால், சிகிச்சைக்கு முன் எடுத்த எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

பெரியவரைப் பற்றி இன்னொன்று. அவருக்குச் சர்க்கரை நோய் இருந்து, வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின் போன்ற ‘கிளிப்டின்’ வகை மாத்திரை சாப்பிட்டுவந்தால், அதைத் தோல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். இந்த வகை மருந்துகள் சிலருக்குப் புல்லஸ் பெம்பிகாய்டைத் தூண்டுவது தெரிந்த செய்தி. தானாக நிறுத்திவிடாமல், மருத்துவர் மாற்று மருந்து தந்த பிறகு நிறுத்தட்டும்.

பத்து மடங்கு ஏறாத சி.ஆர்.பி.

“சி.ஆர்.பி. 0.4இலிருந்து 4 ஆகிவிட்டது, பத்து மடங்கு!” என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். சி.ஆர்.பி. என்பது அழற்சியின்போது ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். இரண்டு அறிக்கைகளும் வெவ்வேறு ஆய்வகங்களுடையவை. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். முதலாவதில் ‘மில்லிகிராம் / டெசிலிட்டர்’, இரண்டாவதில் ‘மில்லிகிராம் / லிட்டர்’. 0.4உம் 4உம் ஒரே அளவுதான். அலகு எழுதாத விடைக்கு நீங்கள் மாணவருக்கு முழு மதிப்பெண் தருவீர்களா?

ஈ.எஸ்.ஆர். 48 என்பது உங்கள் வயதுக்குக் கூடுதல்தான். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்து வரும் எண்ணை மேல் வரம்பாகக் கொள்வது பழைய வழக்கம். உங்களுக்கு அது 28. ஆனால் ஈ.எஸ்.ஆர். அழற்சியை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் கீழே படிகின்றன என்றுதான் பார்க்கிறது. ரத்தசோகை இருந்தால் அவை விரைவாகப் படியும். உங்கள் ஹீமோகுளோபின் 9.8. நான்கு பக்கக் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை! நீங்கள் அனுப்பிய எண்களில் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தவை இரண்டு. அவற்றில் முதலாவது இதுதான். பல மாதம் வாய்ப்புண்ணால் சரியாகச் சாப்பிடாததாலோ, மாதவிடாய் அதிகமாகப் போவதாலோ, ஸ்டீராய்டுடன் வலி மாத்திரையும் சேர்ந்து வயிற்றில் ரத்தக் கசிவு ஏற்பட்டதாலோ, அசாதயோப்ரின் மஜ்ஜையை அழுத்துவதாலோ இது வந்திருக்கலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கவனியுங்கள். இரும்புச் சத்து அளவு உட்படக் காரணத்தைத் தேடும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

இரண்டாவது எண், லிம்போசைட்டின் விகிதமல்ல, அதன் மொத்த எண்ணிக்கை. கடைசி அறிக்கையில் வெள்ளணுக்கள் 12,400. அதில் 8 சதவீதம் என்றால் ஏறத்தாழ 990. பெரியவர்களுக்கு வழக்கமான கீழ் வரம்பு 1,000 அளவில். எல்லையில் நிற்கிறீர்கள். இது பெம்பிகஸ் ஏறுவதைக் காட்டும் எண் அல்ல. நோய்த்தொற்றைத் தடுக்கும் சக்தி குறைவதைக் காட்டுவது. மருந்தைக் கூட்டச் சொல்கிறது என்று நீங்கள் நினைத்த அதே அறிக்கை, மருந்து அதிகமாகிறதோ என்றுதான் கேட்கிறது.

இந்த எண்கள் உண்மையிலேயே பேசும் நேரம்

ரத்தப் பரிசோதனையே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அசாதயோப்ரின் சாப்பிடும்வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டீராய்டுக்காகச் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு, கண் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பத்து நாளுக்கொரு முறை நீங்களாகவே கொடுக்கும் ‘அழற்சித் தொகுப்பு’ பரிசோதனையைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். ஏற்கெனவே ரத்தசோகை இருப்பவர் இப்படி ரத்தம் கொடுத்துக்கொண்டிருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

சி.ஆர்.பி. பேசும் நேரம், தொற்று வரும் நேரம். ஸ்டீராய்டு வருவதற்கு முன், 1950களுக்கு முந்தைய காலத்தில், பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலானோர் தோல் வழியே நீரும் புரதமும் இழந்தும், தொற்று ஏறியும் இறந்துபோனார்கள். இன்று அந்த நிலை மாறிவிட்டது; ஆனாலும் நடக்கும் இறப்புகளில் முதன்மைக் காரணம் இன்னும் தொற்றுதான். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் பெரிதாகக் காட்டாது. அதனால் ஒரு புண் திடீரென்று வலித்தாலோ, சுற்றிலும் சிவந்து சூடானாலோ, சீழ் வைத்தாலோ, குளிர் நடுக்கமோ மயக்கமோ வந்தாலோ, காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அப்போது சி.ஆர்.பி. 4 அல்ல, 80, 120 என்று வந்தால் அது பொருளுள்ள எண். அதன் அரை ஆயுள் 19 மணி நேரம் அளவில்தான் என்பதால், சிகிச்சை பிடித்துவிட்டால் நாளுக்கு நாள் இறங்கும்; மருத்துவருக்கு நல்ல வழிகாட்டி.

வாயில் மறுபடி புண் வந்தாலும் பெம்பிகஸ் திரும்பிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இந்த மருந்துகளால் பூஞ்சையும் வரும், அக்கி வகை வைரஸும் வரும். துடைத்தால் உரிந்து வரும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு ஸ்டீராய்டைக் கூட்டினால் எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

நோய்க்கு அருகில் நிற்கும் பரிசோதனை

1964இல் பியூட்னர், ஜோர்டன் இருவரும் பெம்பிகஸ் நோயாளிகளின் ரத்தத்தில் தோலைத் தாக்கும் ஆன்டிபாடிகள் இருப்பதைக் காட்டினார்கள். இன்று அவற்றை எலைசா என்ற ரத்தப் பரிசோதனை முறையில் தனித்தனியே அளக்கலாம். உங்களுக்கும் உங்கள் மருத்துவர் எடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தை நீங்கள் பொருட்படுத்தவே இல்லை. டெஸ்மோக்ளீன்–1க்கு எதிரான ஆன்டிபாடி இப்போது இல்லை. டெஸ்மோக்ளீன்–3க்கு எதிரானது மட்டும் 85. அந்த ஆய்வகத்தின் வரம்பு 20.

இதைப் பார்த்து அடுத்த அச்சத்தைத் தொடங்கிவிடாதீர்கள். டெஸ்மோக்ளீன்–1 ஆன்டிபாடி பொதுவாகத் தோலின் நிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். டெஸ்மோக்ளீன்–3 ஆன்டிபாடி சிலருக்கு எல்லாம் ஆறிய பிறகும் நெடுநாள் தங்கியிருக்கும். ஒரு தடவை எடுத்த அளவைவிட, சில மாத இடைவெளியில் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பயன்படும். எண் 85, வாய் சுத்தம் என்றால் நான் வாயைத்தான் நம்புவேன். வாரம் ஒரு நாள், நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் நின்று ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, உச்சந்தலை, மார்பு, முதுகு என்று பாருங்கள். முதுகுக்கு வீட்டில் ஒருவர் உதவட்டும். புதுப் புண் எத்தனை, எந்த இடம், பழையது ஆற எத்தனை நாள் ஆயிற்று என்று குறித்து வையுங்கள். பெம்பிகஸின் தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் மதிப்பெண் முறையும் இதே வேலையைத்தான் கொஞ்சம் முறைப்படிச் செய்கிறது. அதில் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

கூட்டிக்கொண்ட மாத்திரை

இனி, தள்ளிப்போட்ட விஷயம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் உடலில், இயற்கையான ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டு கிடக்கும். வெளியிலிருந்து வருவது திடீரென்று குறைந்தாலோ நின்றாலோ, ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். 20இலிருந்து 10க்கு எத்தனை நாளில், எத்தனை படிகளில் இறங்குவது என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும். நாளைக்கே அவரைப் பாருங்கள்.

“அவரிடம் சொன்னால் திட்டுவார்” என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டக்கூடும். ஆனால் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நீங்கள் 10 மில்லிகிராமில் இருப்பதாக நினைத்துக்கொண்டு இந்த அறிக்கையைப் பார்ப்பார். வெள்ளணுக்கள் 12,400 ஆனதற்கு வேறு காரணம் தேடுவார். தொற்று என்று எண்ணி ஆன்டிபயாட்டிக்கூட எழுதக்கூடும். என்னிடம் வரும் நோயாளிகள் இப்படி மறைத்து, நான் இல்லாத நோயைத் தேடியலைந்த நாட்கள் உண்டு. ஒரு துண்டுத் தாளில் ‘இந்தத் தேதி முதல் 20 மில்லிகிராம் சாப்பிடுகிறேன்’ என்று எழுதி, உட்கார்ந்ததும் முதலில் அதை நீட்டிவிடுங்கள்.

அதே சந்திப்பில், “இந்த எண்ணை ஏன் பார்க்கிறீர்கள், இதை ஏன் பார்ப்பதில்லை?” என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளக்க நேரமில்லை என்றே ஒவ்வொரு முறையும் விடை வந்தால், எல்லா அறிக்கைகளின் நகலோடும் இன்னொரு தோல் மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை.

பெரிய மருந்தைப் பற்றி

ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆன்டிபாடி தயாரிக்கும் அணுக்களின் முன்னோடியான பி–அணுக்களை அழிக்கும் மருந்து. 2017இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், அதைக் குறுகிய கால ஸ்டீராய்டுடன் பெற்றவர்களில் 89 சதவீதத்தினர் இரண்டு ஆண்டு முடிவில் மருந்து ஏதுமின்றி முழுமையாக ஆறியிருந்தனர். ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதத்தினர்தான். மறு ஆண்டு அமெரிக்காவிலும் பெம்பிகஸ் வல்காரிஸுக்கு அது அனுமதி பெற்றது. நல்ல மருந்து, சந்தேகமில்லை. ஆனால் விகிதம் 10.5 என்பதற்காக யாரும் அதைக் கொடுப்பதில்லை. உங்களைப் போல ஏற்கெனவே வேறு மருந்துகளில் ஆறியவருக்கு, ஸ்டீராய்டை இறக்கும்போதெல்லாம் கொப்புளம் திரும்புகிறது என்றாலோ, பக்கவிளைவு தாங்க முடியவில்லை என்றாலோ அந்தப் பேச்சு வரும். தொடங்குமுன் ஹெபடைடிஸ்–பி கிருமி மறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போட வேண்டிய தடுப்பூசிகளைக் கூடியவரை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகள் உங்களுக்கு இப்போதும் ஆகாது. நான்கு மாதமாகத் தோல் சுத்தமாக இருக்கும் உங்களுக்கு அது இன்று தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மருத்துவர் நேரில் பார்த்து வேறு விதமாக நினைத்தால் அவர் சொல்லைக் கேளுங்கள்.

மகளின் துண்டு

ஓராண்டுக்கும் மேலாக மகளின் துண்டு, தலையணை, சீப்பு எல்லாவற்றையும் தனியாக வைத்திருக்கிறீர்கள், அவள் பக்கத்தில் படுப்பதையும் விட்டுவிட்டீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். பெம்பிகஸ் தொற்றாது. கொப்புள நீர் பட்டாலும் தொற்றாது. அதில் இருப்பது உங்கள் ஆன்டிபாடி, கிருமி அல்ல. குடும்பத்தில் இன்னொருவருக்கு வருவதும் மிக அரிது. அவளுக்கு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். புண்ணில் சீழ் பிடித்திருக்கும் நாட்களில் மட்டும் துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி உங்களிடமிருந்து அவளுக்குப் போவதைவிட, சளி, அம்மை என்று அவள் பள்ளியிலிருந்து கொண்டுவருவதுதான் உங்களுக்கு ஆபத்து. அவள் வகுப்பில் யாருக்காவது சின்னம்மை வந்தால், உங்களுக்குக் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.